பீலி மூடியும் ஏழு ‘ஓம்’களும்

அக். 7, செவ்வாய்

விடியுமுன்னே மழை. இடியப்பம் அவிக்கும் எங்கள் யூனிட்டின் கூரைப் பீலி, மழைத்தண்ணீர் ஓடும் தகர வாய்க்கால், மறுபடியும் அடைத்துக்கொண்டது. வாசலில் கணுக்கால் தண்ணீர். கட்டடக்காரனுக்குச் சொல்லி மூன்று கிழமை. ‘பார்க்கிறேன்’ என்றான். பார்த்துக்கொண்டே இருக்கிறான் போல.

தீபாவளிக்குப் பதின்மூன்று நாள். வால்தம்ஸ்டோக் கடைகள் இரண்டும் இரட்டிப்பாய்க் கேட்கின்றன. செய்ய வேண்டியவை: சிவப்பு மா வறுக்க. நீராவிப் பெட்டியின் கதவு ரப்பர் மாற்ற. கமலாக்காவுக்குப் புதுக் கையுறை (அவவுக்குப் பெரிய அளவு, மறக்கக் கூடாது). சம்பலுக்குத் தேங்காய்ப்பூ.

பதினொரு மணிக்கு டானியலிடமிருந்து மின்னஞ்சல். திட்ட அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி இவர். திட்டத்தின் நிறைவு விழா 16ஆம் திகதி வியாழன், ஆற்றங்கரைப் பக்கம் ஏதோ மண்டபத்தில். கூடவே போஸ்டர். எங்கள் இடியப்பப் பெட்டி மூடியின் படம், நல்ல பெரிதாய், வடிவாய். கீழே பெரிய எழுத்தில் ‘வடிவமைப்பு: ரமணன், லில், பிரான்ஸ்’. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், ‘சமையலறைப் பரிசோதனை உதவி: வசந்தி, லண்டன்’.

மூன்று முறை வாசித்தேன். உதவியாம்.

கமலாக்காவிடம் காட்டினேன். ஜெர்மனியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு இங்கே வந்து என்னோடு மா குழைப்பவர். அவருக்கு எதிலும் அதிசயம் இல்லை.

“அச்சுப் பிழையாய் இருக்கும் பிள்ளை” என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “இல்லை. இது அச்சுப் பிழை இல்லை.”

மத்தியானம் சாப்பிடவில்லை. மழை விடவில்லை.

அக். 8, புதன்

தூறல். குளிர் தொடங்கிவிட்டது.

எழுதி வைக்கிறேன், நானே பிறகு மறந்து ஓமென்று சொல்லிவிடாமல் இருக்க.

சூட்டோடு இடியப்பத்தைப் பெட்டியில் வைத்து மூடினால் மூடி வேர்க்கும். வேர்த்த தண்ணீர் சொட்டும். மேல் தட்டு களியாகிவிடும். ஆறவிட்டு மூடினால் காய்ந்துபோகும். இந்தத் தொழில் செய்கிற எல்லோருக்கும் இதே தலையிடி. நான்கு வருடத்துக்கு முன், இதே மாதிரி ஒரு மழை நாளில், யூனிட் வாசலில் நின்று கூரையைப் பார்த்தேன். அன்று பீலி அடைக்கவில்லை. தண்ணீர் சரிவில் ஓடி, பீலியில் விழுந்து, மூலைக்குப் போனது. ஒரு துளி என் தலையில் விழவில்லை. உள்ளே போய் மட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி, மூடியைக் கூரை போல மடித்து, நாலு பக்கமும் பீலி வைத்தேன். அடுத்த நாள் காலை இடியப்பம் பூப்போல. கமலாக்கா சாட்சி.

பெயரும் நான்தான் வைத்தேன். பீலி மூடி.

அப்போதுதான் இந்தத் திட்டம் வந்தது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சிறுதொழில்காரரைச் சோடி சேர்த்துப் புதிதாய் ஒன்றைச் செய்விக்கிற ஐரோப்பியத் திட்டம். அந்தப் பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ரமணனைக் காட்டியது நான். பெரியப்பாவின் மகன், என்னைவிட இரண்டு வயது இளையவன், லில் நகரத்தில் காகிதக்கூழ்ப் பெட்டிகளை அச்சில் வார்க்கும் சின்னப் பட்டறை. ‘என்ரை தம்பிதான்’ என்று பெருமையாய் எழுதிக் கொடுத்தேன்.

இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் போய்விட்டதால் அவன் முழுப் பங்காளி, நான் இணைப் பங்காளி. கூட்டத்துக்கு வரலாம். வேலை செய்யலாம். இருக்கக் கதிரை தருவார்கள். அதற்குமேல் கேட்கக் கூடாது.

டானியலுக்கு இரண்டு மணிக்கு ஃபோன் எடுத்தேன். நல்ல மனிசன். தாடி, சைக்கிள், எல்லாவற்றுக்கும் ‘அருமை’.

“வசந்தி, போஸ்டரில் என்ன பிரச்சினை? யூன் மாதக் கூட்டத்தில் நீங்கள் சம்மதித்தீர்களே” என்றார்.

எப்போது என்றேன்.

“நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. நீங்கள் ஓம் என்றீர்கள். பல தடவை.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “எனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல், நீங்கள் சொல்லித் தந்தது.”

உண்மைதான். முதல் நாள் யூனிட்டுக்கு வந்தபோது, “ஆம் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன?” என்று கேட்டார். ஓம் என்றேன். அதிலிருந்து மின்னஞ்சல் எல்லாம் ‘ஓம் வசந்தி!’ என்றுதான் தொடங்கும். எனக்கும் அது ஆசையாய்த்தான் இருந்தது, புத்தி கெட்ட விசரிக்கு.

குறிப்பை ஏன் வாசிக்கவில்லை என்று கேட்கிறார். பதினாலு பக்கம். திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லச் சொல்லி அனுப்பினார்களாம். அந்த வெள்ளி கோடையோடு போய்விட்டது.

கூட்டத்தின் ஒளிப்பதிவு இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம், அனுப்புகிறாராம். அருமை.

அக். 10, வெள்ளி

வெயில், பேருக்கு. யூனிட்டை ஒரு மணிக்கே பூட்டிவிட்டு வீட்டில் இருந்து பார்த்தேன்.

ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம். எட்டுப் பெட்டியில் எட்டு முகம். என்னுடையது கீழே இடது மூலை, பின்னால் எங்கள் குசினிக் கதவு. முப்பத்தோராவது நிமிடத்தில் ரமணன் தமிழுக்கு மாறுகிறான். எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்:

“அக்கா, உந்த மூடியைப் பதியிற அலுவல், உங்கடை பக்கத்தாலை செய்ய ஏலாதாம்.”

“ஓம்.” (1)

“முழுப் பங்காளிதான் போடலாமாம்.”

“ஓம்...” (2)

“அதாலை இப்போதைக்கு ஒரு ஒழுங்குக்கு என்ரை பேரிலை போடுவம்.”

“ஓம்.” (3)

“வடிவமைச்ச ஆள் எண்ட இடத்திலையும் ஒராளின்ரை பேர் இருந்தால் அலுவலக ஆக்களுக்குச் சுகமாம்.”

“ஓம், ஓம்.” (4, 5)

“மிச்சத்தைப் பேந்து ஆறுதலாய்க் கதைப்பம், என்ன.”

“ஓம்.” (6)

ஐயோ, இது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ஓம். ஃபோனில் அம்மா கதைத்தாலும் இதுதான், வங்கிக்காரன் கதைத்தாலும் இதுதான். ஓம் போடாவிட்டால் ‘லைனிலை நிக்கிறியோ?’ என்று கேட்பார்கள். சம்மதம் என்றால் நாங்கள் ஓம் என்று சும்மா விடுவோமா? ‘சரி, அப்பிடியே செய்வம்’ என்று வாய் நிறையச் சொல்வோம். டானியலுக்கு இது தெரியாது. ரமணனுக்குத் தெரியும். ஊர்காவற்றுறையில் இருந்து ஒஸ்லோ வரை அத்தனை தமிழருக்கும் தெரியும்.

ஏழாவதுதான் கொலை.

டானியல் ஆங்கிலத்தில், மெதுவாய், என் பெயர் சொல்லிக் கேட்கிறார்: “வசந்தி, ரமணன் சொன்னது உங்களுக்குச் சம்மதம்தானே?” அந்த நொடியில் என் பின்னால் குசினிக் கதவு திறக்கிறது. இவர், என் கணவர், தலையை நீட்டுகிறார். சத்தம் மெல்லிசாய், ஆனால் கேட்கிறது.

“தேத்தண்ணி போடவா?”

நான் திரும்பி, நல்ல தெளிவாய், சிரித்த முகத்தோடு:

“ஓம்!”

டானியல் பெருவிரலைத் தூக்குகிறார். எட்டு முகமும் சிரிக்கின்றன. ரமணனும்.

மூன்று தரம் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. வயிறு நொந்தது. அதற்குப் பிறகு வந்தது சிரிப்பு இல்லை.

இவர் ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தார். பஸ் உடுப்போடு நிற்க வைத்துக் காட்டினேன்.

“அப்ப என்ரை தேத்தண்ணியாலையே?” என்றார், முகம் கறுத்து.

“இல்லை, என்ரை வாயாலை. நுணலும் தன் வாயாலை கெடும்.”

“நான் கதவைத் தட்டியிருக்க வேணும்.”

“தட்டியிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்.”

அவரில் பிழை இல்லை. இருந்தும் அவரோடு எரிந்து விழுந்தேன். சட்டி கழுவவில்லை என்று. கழுவித்தான் வைத்திருந்தார்.

அக். 11, சனி

காற்று. ஃபாரஸ்ட் கேட் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் குடை முறிந்தது.

பத்து மணிக்கு ரமணனுக்கு எடுத்தேன். இனி ர. என்று எழுதுகிறேன், முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

நலம் விசாரிப்பு. பிள்ளைகள். லில்லிலும் மழையாம். பிறகு கேட்டேன்.

“அக்கா, உங்கடை நாடுதானே வெளியிலை போனது. நானே போகச் சொன்னனான்?”

“பதிவு உன்ரை பேரிலை இருக்கட்டும். அது அவையின்ரை சட்டம். வடிவமைச்சது ஆர் எண்ட இடத்திலை ஏன் உன்ரை பேர்?”

“பேரிலை என்ன கிடக்கு? ஒரே ரத்தம். உங்கடை எண்டால் என்ன, என்ரை எண்டால் என்ன.”

“அப்பிடியெண்டால் என்ரை பேரைப் போடன்.”

பிறகு குரல் மாறியது.

“அச்சு ஆர் வெட்டினது? பதினொரு தரம் வெட்டினனான் அக்கா. நீங்கள் மட்டையை மடிச்சு அனுப்பினீங்கள். காகிதக்கூழ் அப்பிடி மடியாது. ஒவ்வொரு தரமும் வெடிச்சது. சரிவைக் குறைச்சு, பீலியை அகட்டி, ராவு பகலாய் நிண்டனான். விரல் பிளந்து மூண்டு தையல். ஆருக்குத் தெரியும் அது?”

தெரியாது. எனக்கும் தெரியாது. அவன் உழைப்பை நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு பெயரையும் போடு என்றேன். உன்ரை முதலிலை, என்ரை பிறகு, பரவாயில்லை. டானியலுக்கு ஒரே ஒரு வரி எழுது: இந்த மூடியை முதலில் நினைத்தது வசந்தி. அவ்வளவுதான்.

“ஓம் அக்கா.”

“திங்கள் காலமையே எழுது.”

“ஓம்... ஓம்...”

“மறக்காதை.”

“ஓம்.”

ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. இது எந்த ஓம்?

அக். 13, திங்கள்

சாம்பல் நிற வானம். இடியப்பம் நானூறு பெட்டி. கை உளைவு.

ர.விடமிருந்து ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்குப் பார்த்தேன், மூன்றுக்கு, மூன்றரைக்கு. கமலாக்கா உரலில் மாவை அமுக்கிக்கொண்டு:

“பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு எண்டு சும்மாவே சொன்னவை? நீ பதம் பார்க்கேல்லை, பிள்ளை. காயாய் இருக்கேக்கையே வெட்டினாய்.”

“நான் எங்கை அக்கா வெட்டினன்? அவன்தான் வெட்டினான்.”

“அதுதான் சொல்லுறன். பதம் பார்த்தவன் அவன்.”

நாலு மணிக்கு டானியலுக்கு எடுத்தேன். ரமணன் எழுதவில்லையாம். ஏழு ஓமையும் விளக்கிச் சொன்னேன், தேத்தண்ணி உட்பட. மனிசனுக்கு நியாயமாய்க் கவலைதான். தன்னுடைய ஒரே தமிழ்ச் சொல் கையை விட்டுப் போன கவலை.

“யூன் மாதக் குறிப்பு முடிந்த காகிதம். என்னால் தொட முடியாது” என்றார். “ஆனால் வியாழன் விழாவின் குறிப்புத்தான் கோப்பில் கடைசிக் காகிதம். அங்கே எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னால் அது பதிவாகும். பதிவானால் பெயரைச் சேர்க்கலாம். உங்களுக்கு ஒரு நிமிடம் வாங்கித் தருகிறேன்.”

நன்றி சொன்னேன். வைக்கப் போகும்போது: “மதியச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அறுபது பேருக்கு, ஞாபகம் இருக்கிறதுதானே?”

ஓம் என்று வாய் வரை வந்தது. “யெஸ்” என்றேன்.

அக். 15, புதன்

மழை இல்லை. பயம்.

நாளைக்கு: இடியப்பம் 60 பெட்டி (பீலி மூடி). சொதி பெரிய போத்தலில். சம்பல். கரண்டி, துடைக்கிற துணி. நீலச் சேலையா, கோட்டும் பாண்டுமா? கோட். சேலை கட்டினால் சாப்பாட்டுக்காரி என்று நினைப்பார்கள். சாப்பாட்டோடு போனால் எதைக் கட்டினாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிப் பாடமாக்கினேன். இவர் கதிரையில் இருந்து டானியல் மாதிரிக் கேட்டார், நான் நின்று சொன்னேன். ஐந்து தரம்.

“நல்லாய்ச் சொல்லுறீர்” என்றார். பிறகு, “நானும் வரட்டே? லீவு போடுறன்.”

வேண்டாம் என்றேன். அவர் பின்னால் நின்றால் திரும்பிப் பார்ப்பேன்.

அக். 16, வியாழன்

வந்து சப்பாத்தும் கழற்றாமல் எழுதுகிறேன்.

மண்டபம் பெரிது. மேடைக்குப் பின்னால் நீலத் துணி. வாசலில் ர., புதுக் கோட்டுடன். கட்டிப்பிடித்தான். வலது கைப் பெருவிரலில் தழும்பு. உண்மையாகவே இருக்கிறது. அதைப் பார்த்தபோது ஒரு கணம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போல் இருந்தது. எழுதினாயா என்று கேட்டேன்.

“அக்கா, இண்டைக்கு வேண்டாம். எல்லாரும் சந்தோசமாய் நிக்கினம்.”

கூட்டம் இழுபட்டது. பேச்சு, பேச்சு, பேச்சு. கடல் பிரிக்காது என்றார் ஒருவர். சிறுதொழில்தான் முதுகெலும்பு என்றார் ஒரு பெண். ர. மூடியைத் திறந்து காட்டினான், ஆவி போனது, ஒரு துளி சொட்டவில்லை. எல்லோரும் ‘ஓ’ என்றார்கள். நல்ல மூடி, கடவுளே, அவ்வளவு நல்ல மூடி.

டானியல் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். சொன்னபடி ஒரு நிமிடம். நாலு வரியும் நாக்கு நுனியில். அப்போது அவருக்குப் பக்கத்தில் நின்ற திட்டத் தலைவியம்மா மைக்கைப் பிடித்து, “தமிழிலேயே பேசுங்களேன்! இரண்டு மொழி, ஒரு குடும்பம். ரமணன் மொழிபெயர்ப்பார்!” என்றார். கைதட்டல். டானியல் குனிந்து தன் காகிதங்களை அடுக்கினார். ர. மற்ற மைக்கை வாங்கிக்கொண்டான்.

பாடமாக்கிய ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. ர.வைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். அவனுக்குத்தான் சொன்னேன்:

“ஏலாது. இது என்ரை மூடி. நான் ஓம் எண்டது உனக்கில்லை. நான் தரேல்லை.”

அவன் ஒரு மூச்சு விட்டான். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோய், நல்ல ஆங்கிலத்தில்:

“எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி என்கிறார் அக்கா. இந்த மூடி எங்கள் குடும்பத்தின் பெருமையாம்.”

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. அவனும் தட்டினான், நிலத்தைப் பார்த்தபடி.

அந்த இடத்திலேயே ஆங்கிலத்தில் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. மைக்கை வாங்கிவிட்டார்கள். யாரோ ஒருத்தி வந்து கன்னத்தில் முத்தம் தந்தாள். சாப்பாட்டுக்கு நேரம் என்று அறிவித்தார்கள். அடுத்ததாய் எனக்கு நினைவிருப்பது, மேசைக்குப் பின்னால் நிற்கிறேன், கையில் கரண்டி, அறுபது பேருக்குச் சொதி ஊற்றுகிறேன். “சூடா? உறைப்பா?” என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். சீ. என்னைப் போல ஒரு மடைச்சி உண்டா.

ர. சாப்பாட்டு வரிசைக்கு வரவில்லை. ரயிலுக்கு நேரமாம்.

அக். 17, வெள்ளி

மழை. பீலி இன்னும் அடைப்பு. நானே ஏணி வைத்து ஏறி இலை அள்ளிப் போட்டேன். கமலாக்கா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, “விழுந்தால் இடியப்பத்துக்கு ஆள் இல்லை” என்று திட்டினார். தண்ணீர் ஒழுங்காய் ஓடுகிறது.

மூன்று மணிக்கு வீடு. வந்தவுடன் டானியலின் மின்னஞ்சல். ‘ஓம் வசந்தி’ இல்லை, இந்த முறை வெறும் ‘வசந்தி’. விழாவின் நடவடிக்கைக் குறிப்பு, மூன்றே பக்கம். வாசித்தேன், ஒவ்வொரு சொல்லாய், பேனையை வைத்துத் தொட்டுத் தொட்டு. பக்கம் இரண்டு, வரி ஒன்பது:

‘இணைப் பங்காளி தமிழில் நன்றி தெரிவித்தார். (மொழிபெயர்ப்பு: ரமணன்.)’

அதற்குக் கீழே டானியல் எனக்கென்று தானே சேர்த்த குறிப்பு: ‘அவர் சொன்னது நன்றி போல எனக்குக் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர் எழுதினால்தான் மாற்ற முடியும். திருத்தங்கள் இன்று ஐந்து மணிக்குள்.’

ஃபோனில் ர.வின் இரண்டு அழைப்பு. எடுக்கவில்லை. ஒரு செய்தி: ‘அக்கா, கோவமே?’

இப்போது நாலு இருபது. குசினியில் இவர். தட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தார், நம் வீட்டுக் குசினிக் கதவை.

“தேத்தண்ணி போடவா?”

வாயைத் திறக்கவில்லை. கையைக் காட்டினேன், பொறுங்கோ என்று. முதலில் இதை அனுப்ப வேண்டும்.

‘பக்கம் இரண்டு, வரி ஒன்பது. நான் சொன்னது நன்றி அல்ல. நான் சொன்ன சொல் ஏலாது. அதன் பொருள் முடியாது, சம்மதம் இல்லை. இந்த மூடியை முதலில் நினைத்தது நான், வசந்தி.’